தாமரைக்கு ஆடத் தெரியும்

கேள்வி: ஜப்பானில் 2002 முதல் எம்டிவி இசை வீடியோக்களுக்கு விருது விழா நடத்தியது, உள்ளூர்க்காரர்களோடு வெளிநாட்டுப் பாடகர்களுக்கும் பரிசு. டெல்லியில் ஏன் அப்படி ஒன்று இல்லை?
– டெல்லி வாசகர்

பதில்: இருக்கிறதே, சினிமா என்ற பெயரில்! இங்கே பாட்டையும் ஆட்டத்தையும் படத்துக்குள் வைத்துத்தான் விற்பார்கள். தேசியத் திரைப்பட விருதிலும் அவற்றைப் பிரித்துப் பிரித்தே தருவார்கள்.

1996ஆம் ஆண்டுக்கான விருதுகளைப் பாருங்கள். 'மின்சார கனவு' என்ற ஒரே தமிழ்ப் படத்துக்கு நான்கு: இசைக்கு ஏ.ஆர்.ரஹ்மான், பாடியதற்கு எஸ்.பி.பாலசுப்ரமணியம், சித்ரா, நடன அமைப்புக்குப் பிரபுதேவா. வீடியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சூழல்தான் வேறு. எம்டிவி மேடையில் புகை, லேசர், கூச்சல். கையில் விண்வெளி வீரர் சிலை. தேசிய விருது தரும் டெல்லி விஞ்ஞான் பவனிலோ பெயரை வாசிப்பார்கள், கும்பிட்டபடி படியேறி, குடியரசுத் தலைவர் கையால் வெள்ளித் தாமரை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்க வேண்டியதுதான். 'நாட்டு நாட்டு'வுக்கு ஆட்டிவைத்த பிரேம் ரக்ஷித்தும் 2023இல் அங்கே நடந்துதான் போனார்.

ஜப்பான்காரர்களும் இந்த வகையறாவுக்குப் புதியவர்கள் அல்லர். எம்டிவி விழாவுக்கு நான்கு வருடம் முன்பே, 1998இல், டோக்கியோ தியேட்டரில் ரஜினியின் 'முத்து'வுக்கு வரிசையில் நின்றவர்கள். இரண்டே முக்கால் மணி நேர வீடியோ அது!