கொல்லைப்புறத்து வருண பகவான்

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே. அது வந்துவிட்டால் நியூஜெர்சியில் எடிசன் பக்கத்துக் கடைகளில் இவரைப் பார்க்கலாம். அரைக்கால் சட்டை, தள்ளுவண்டி நிறைய பிளீச் கேன்கள். இத்தனை துணியா வெளுக்கப் போகிறார் என்று பில் போடும் பெண் நினைத்துக்கொள்வாள். இவர் வெளுக்கப் போவது தண்ணீரை.

கொல்லையில் குளம் வெட்டும் வசதி இவருக்கு இல்லை. வெட்டியவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயமும் இல்லை. அட்டைப்பெட்டியில் வந்து இறங்கி, இரும்புக் குழாய்களைச் செருகி, வினைல் தொட்டியை மாட்டினால் நிற்கிற தரைமேல் குளம்தான் இவருடையது. 15 அடி விட்டம், 4 அடி உயரம், ஏறத்தாழ 17,000 லிட்டர். சென்னையில் இருக்கும் மச்சானிடம், "12,000 லிட்டர் லாரி வருமே, அதுல கிட்டத்தட்ட ஒண்ணரை லாரி" என்று விளக்கப்போய், அது நல்ல கோடைகாலம், மச்சான் பேச்சுவார்த்தையையே குறைத்துக்கொண்டார்.

வாங்கிய புதிதில் இவரும் எல்லோரையும் போல அதில் குளித்தவர்தான். ஒருநாள் ஏணிக்குப் பின்னால், நிழல் விழுகிற பக்கத்தில், விரல் வைத்தால் வழுக்குகிற பச்சையாக ஏதோ தென்பட்டது. அன்றோடு குளியல் நின்றது, ஆராய்ச்சி தொடங்கியது.

இப்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பி.எச். 7.4" என்கிறார். மேற்கொண்டு கேட்காமலே விளக்கமும் வரும்: "சும்மா குளோரின் ஊத்தினா பாதி நாள்லயே வெயில் தின்னுடும் சார். அதனால மாத்திரையில சயனூரிக் அமிலம்னு ஒண்ணு சேர்க்கறான். அது குளோரினுக்குக் குடை. ஆனா மாத்திரை போடப் போட குடை பெருத்துக்கிட்டே போகும். கடைசியில குளோரின் குடைக்குள்ளயே சொகுசா இருந்துடும், வேலைக்கு வராது. அந்த அமிலமோ வெயில்ல போகாது, வடிகட்டியில நிக்காது. பழைய தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி விடணும்." இத்தனையும் உண்மை. அதுதான் சிக்கலே. பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டு சமோசா பக்கம் போகலாம்.

பரிசோதனை தினமும் உண்டு. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, ரோஸ் நிறம் வருகிறதா என்று வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒருமுறை தண்ணீர் ரோஸாகி மறுகணமே வெளுத்துவிட்டது. 'குளோரின் சுத்தமாக இல்லை' என்று முடிவுகட்டி இன்னும் ஒரு கேன் ஊற்றினார். குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் அது சோதனைச் சாயத்தையே வெளுத்துவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகன் சொட்டு மருந்தோடு வந்த துண்டுக்காகிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் ஏணிக் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்து உள்ளே விழுந்த அவனுடைய சிவப்பு டவுசர் ரோஸ் ஆகியிருந்தது.

விருந்தாளிகளைக் கூப்பிடுவதில் குறை வைக்க மாட்டார். ஜூலை 4 அன்று கொல்லை நிறைய ஆட்கள், குழந்தைகள் நீச்சலுடையோடு வரிசையில்.

"அங்கிள், இறங்கலாமா?"

"ஷாக்னு குளோரின் நிறையப் போட்டிருக்கேன் கண்ணு. இன்னைக்கு ஆகாது. சும்மா பாரு, எவ்ளோ நீலமா இருக்கு!"

பெரியவர்களுக்குத் தனி உபதேசம். "குளோரின் வாடைங்கறோமே, அது சுத்தமான குளோரினோட வாடையே இல்ல. வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்தா வர்ற வாடை." இதைச் சட்னி பரிமாறும் நேரம் பார்த்துச் சொல்வார். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய பெண்மணிகள் குளத்துக்குப் பத்தடி தள்ளித்தான் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் எல்லோரும் போனபின் நீளக் கழியில் பிரஷைச் செருகிக்கொண்டு சுவரைத் தேய்ப்பார். காதலன் விலகினால் படரும் பசலைக்குக் குறுந்தொகையில் பரணர் உவமையாகச் சொன்ன பாசிதான் இது. கை பட்டால் விலகி, கை எடுத்தால் கூடுகிற பழக்கத்தை அட்லாண்டிக் தாண்டியும் விடவில்லை.

ஓர் ஆண்டு கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். அம்மா வந்தால் நயாகரா போகவேண்டும் என்பது நியூஜெர்சித் தமிழர்களின் எழுதாத சட்டம். போய்த் திரும்பினால் குளம் கீரைக் கடைசல் நிறத்தில் நிற்கிறது. வடிகட்டி மோட்டார் ஓடவில்லை.

"நான்தான் அணைச்சேன். வீட்ல ஆளில்லாதப்ப மோட்டார் ஓடலாமாடா? கரண்ட்டு என்ன சும்மாவா வருது?"

ஜூலை வெயில், ஓடாத தண்ணீர், தீர்ந்துபோன குளோரின். பாசி வேறென்ன கேட்கப் போகிறது? பாவம், அம்மாவை ஒன்றும் சொல்ல முடியாமல் மனைவியைக் கோபித்துக்கொண்டார். "ஏங்க, நானும் உங்க கூடத்தானே நயாகராவுல இருந்தேன்?" என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

பிளீச், பிரஷ், இரவும் பகலும் மோட்டார். பாசி செத்தது. ஆனால் செத்த பாசி எங்கே போகும்? பச்சை மாறித் தண்ணீர் அரிசி கழுவிய நிறத்தில் கலங்கி நின்றது.

"ஒரு கட்டி படிகாரம் கலக்கி விடேன். ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில கிடைக்காதா?" என்றார் அம்மா.

"அம்மா, இது ஊர்க் குடம் இல்ல. இதுக்கெல்லாம் கெமிஸ்ட்ரி இருக்கு."

மறுநாள் குளச் சாமான் கடையில் நல்ல விலை கொடுத்துப் பெரிய பொட்டலம் ஒன்று வாங்கிவந்தார். பொடி எழுத்தில் அலுமினியம் சல்ஃபேட் என்று இருந்தது: படிகாரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தூவி, மோட்டாரை நிறுத்தினார். விடிவதற்குள் கலங்கல் முழுக்க அடியில் படிந்துவிட்டது. அதை வடிகட்டியில் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும் என்பதால் குழாய் வைத்து உறிஞ்சிப் புல்வெளியில் விட்டார். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'ஃப்ளாக்குலேஷன்' பற்றி அவர் விளக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் அம்மா, "படிகாரம்தான் போட்டான்" என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் குளம் கண்ணாடியாக இருந்தது. கடையில் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்த துண்டுச்சீட்டில் எல்லா எண்ணும் சரி. அம்மா ஊருக்குக் கிளம்ப நாள் நெருங்கிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை, உச்சி நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகியபடி அம்மா ஏணியில் ஏறினார்.

"அம்மா! தலையில எண்ணெய்!"

"சீயக்காயும் கொண்டாந்திருக்கேன், கவலைப்படாதே. காவேரியே இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லடா, இதுவா சொல்லப் போகுது?"