மேற்படி நாயும் நானும்

அனுப்புநர்:
கள்ளக்குறிச்சிக்காரன் ஒருவன்,
மஞ்சள் நிறப் பழைய பள்ளி வேன்,
துருகம் ரோடு ஓரம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுற்றுலாத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: சுற்றுலா – கேரவன் – பழைய நெடுஞ்சாலை வழியே கல்வராயன் மலைக்கு நாயுடன் தனியாகப் போவது – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை, 2023.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பார்வையில் கண்ட கொள்கையில், தங்கள் துறை முன்னுரிமை கொடுத்து வளர்க்கவிருக்கும் சுற்றுலா வகைகளில் கேரவன் சுற்றுலாவும் ஒன்று என்று படித்தேன். மருத்துவச் சுற்றுலாவும் ஆன்மிகச் சுற்றுலாவும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. முதலாவதற்குப் புதுச்சேரி ஜிப்மருக்குப் பஸ் ஏறுவோம், இரண்டாவதற்குத் திருவண்ணாமலைக்கு. கேரவன்தான் பாக்கி. கேரளம் 2021லேயே இதைத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் மாநிலப் பெருமை உறுத்த, ஓட்டம் முடிந்த பள்ளி வேன் ஒன்றை வாங்கிவிட்டேன். சீட்டுகளைக் கழற்றி ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குழாய் எல்லாம் பொருத்தியாயிற்று. உடன் வருவது மணி. மணி ஒரு நாய். ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. மணி அந்த ரகமல்ல, தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிற ரகம்.

இப்படிப் போவதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் சின்ன லாரியின் முதுகில் வீடு கட்டி, சார்லி என்ற நாயை ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றினார். 1962இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நான் பரிசு கேட்கவில்லை, பார்க்கிங் கேட்கிறேன். அதே நாட்டில் 1926இல் எண் கொடுத்த 66ஆம் நெடுஞ்சாலையை 1985இல் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நீக்கிய பிறகும் அதன் மவுசு குறையவில்லை. கடல் தாண்டி வந்து, அந்தப் பழைய ரோட்டில் வாடகை வண்டி ஓட்டி உருகிவிட்டுப் போகிறார்கள்.

எங்களிடமும் சரக்கு இருக்கிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை ரோடு 68ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. 2010இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது 79 ஆயிற்று. ரோடு நாலு வழியானது, ஊர்களைச் சுற்றிப் புறவழிகள் வந்தன. ஆனால் புறவழிகளை மட்டும் இரண்டே வழியாகப் போட்டார்கள். நாலு வழியில் பறந்து வருகிறவன் ஊர் எல்லையில் திடீரென்று இரண்டு வழிக்குள் நுழைவான், எதிரே வருகிறவனும் அதே வேகத்தில் வருவான். வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று வரிசையாக இதே கதை. எத்தனையோ குடும்பங்கள் அழுது தீர்த்த பிறகு அகலப்படுத்தும் வேலையைக் கையில் எடுத்தார்கள்.

ஆகவே நான் புறவழிக்கே போவதில்லை. அது ஒதுக்கிவிட்டுப் போன பழைய ரோட்டிலேயே, சின்னசேலம் கடைத்தெருவுக்குள் புகுந்து, கள்ளக்குறிச்சி சேலம் ரோடு, துருகம் ரோடு என்று மெதுவாகப் போகிறேன். வழியில் மரச்சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தம் கேட்கும். 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் அதுதான். நாலு வழியில் போகிறவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது. தியாகதுருகத்தில் மலைக்கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக மோதிக்கொண்டார்கள். இப்போது அடிவாரத்தில் மோதிக்கொள்வது ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும்.

ரயிலில் போனால் என்ன என்று கேட்பீர்கள். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் பாதைக்காக ஒரு தலைமுறையே காத்திருந்தது, அந்தப் பேச்சு வேண்டாம்.

இனி சந்தேகங்கள். என் வண்டி என்ன வண்டி? வாகனங்களை வகை பிரித்து மத்திய அரசு 2004 நவம்பரில் வெளியிட்ட அறிவிக்கையைத் தேடிப் படித்தேன். கேம்பர் வேன் அதில் இரண்டு இடத்தில் வருகிறது. சொந்த உபயோகம் என்றால் டிராக்டர், கிரேன், ரிக் வண்டிக் கூட்டத்தில். இல்லையென்றால் மிருகங்களுக்கான ஆம்புலன்சுக்கும் பணம் ஏற்றிப் போகும் வண்டிக்கும் நடுவில், தீயணைப்பு வண்டிக்கும் அமரர் ஊர்திக்கும் அக்கம்பக்கத்தில். மணிக்கு வழியில் உடம்பு சரியில்லாமல் போனால் நான் ஒரு வரிசை மேலே ஏறிக்கொள்ள வேண்டுமா என்று தெரிவிக்கவும். எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் எந்த வரிசை என்று எனக்குத் தெரிகிறது.

மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆக, அந்த வண்டியில் இருபது பிள்ளைகள் நெருக்கி உட்காரலாம், ஒரு கிழவன் காலை நீட்டிப் படுக்கக் கூடாது. சென்னையில் இருக்கிற கொள்கை ‘வா’ என்கிறது, டெல்லியில் இருக்கிற சட்டம் ‘சீட்டைத் திரும்ப மாட்டு’ என்கிறது. இருவரும் ஒருமுறை போனில் பேசிக்கொண்டால் நல்லது.

சுங்கச்சாவடியில் நான் எந்தக் கேள்வியும் எழுப்பவில்லை. எழுப்பினால் பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார்கள். 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் காருக்கு, மினி பஸ்ஸுக்கு, அச்சு எண்ணி லாரிக்கு என்று கட்டணம் உண்டு. வீட்டுக்கு இல்லை. ஃபாஸ்டாக்கில் வீட்டு வரி கழியாதவரை எனக்குச் சம்மதம்.

ராத்திரிதான் பாடு. வண்டியை ஓரங்கட்டியதும் நாலு பேர் கூடிவிடுவார்கள். முதல் கேள்வி, “உள்ள யாரு ஹீரோ?” கேரவன் என்றால் எங்கள் மக்களுக்கு நடிகர் மேக்கப் போடும் வண்டி. நடிகர் இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றம் சந்தேகமாக மாறும்.

“எங்க போறீங்க?”

“சும்மா மலைக்கு.”

“சும்மான்னா?”

“சும்மாதாங்க.”

“கூட யாரு?”

“மணி.”

“மணி எங்க?”

மணி ஜன்னலில் எட்டிப் பார்க்கும்.

“வூட்ல எதுனா சண்டையா பெரியவரே?”

கோயிலுக்கு என்று சொன்னால் வழி காட்டுவார்கள். பெண் பார்க்க என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து, பெண் வீட்டாரைப் பற்றி நாலு தகவலும் தருவார்கள். காரணமில்லாமல் தனியாகப் போகிறவனுக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. ஆன்மிகம், மருத்துவம், சாகசம், மாநாடு என்று அடுக்கியிருக்கும் தங்கள் பட்டியலில் இதையும் ஒரு வகையாகச் சேர்க்கக் கோருகிறேன். (இதே பயணத்தை ஒரு பெண் தனியாகப் போனால் விசாரணை எத்தனை பக்கம் நீளும் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்கு ஊர்ப் பஞ்சாயத்தே கூடிவிடும்.)

அடுத்தது மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர், படகுக் குழாம், அப்புறம் மேகம், பெரியார் என்று அருவிகள். எல்லாம் தங்கள் துறையின் துண்டறிக்கைகளில் வருகிற பெயர்கள்தாம். ஆனால் அடிவாரத்து போலீஸ் சோதனையில் என் வண்டியின் பின் கதவைத் திறந்து காட்ட எனக்குத் தைரியமில்லை. காரணம் சென்னையில் புரியாது, கள்ளக்குறிச்சியில் குழந்தைக்கும் புரியும்.

கல்வராயன் மலை என்றதும் செய்தித்தாளில் வருவது சாராய ஊறல். பேரல் பேரலாக ஊறல் அழிப்பு, மலைக்கு ஏறும் வெல்ல மூட்டை பறிமுதல், லாரி டியூபில் இறங்கும் சாராயம் பிடிபட்டது. இப்போது என் வண்டியில் இருப்பவற்றைச் சோதனைக்காரர் கண்ணால் பாருங்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதிலிருந்து இறங்கும் குழாய். கேஸ் அடுப்பு. மூடி போட்ட பெரிய பாத்திரம், அது மணிக்குச் சோறு வடிக்க. உபரியாக ஒரு டியூப், அது பஞ்சருக்கு. நான் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை, வெல்லம்தான். வயிற்றுக்கு ஆகுமென்று கடுக்காயும் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் நான் கேரவன் என்பேன். நடமாடும் காய்ச்சுமிடம் என்று அவர் எழுதுவார், அவர்மேல் தப்பில்லை. மணி குரைத்தால் தடயத்தை மறைக்க முயன்றதாகவும் சேர்த்துக்கொள்வார். எனவே ‘இதில் இருப்பது சுற்றுலா மட்டுமே’ என்று தங்கள் துறையின் முத்திரையுடன் ஒரு சான்று வேண்டும்.

கேலியை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று. 2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சாராயம் என்று குடித்த அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்ததல்ல. மெத்தனால், தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனம். மெத்தனால் மலையில் விளைவதில்லை. அது சமவெளியில், நல்ல தார் ரோட்டில்தான் எங்கள் ஊருக்கு வந்தது. கெட்ட பெயரின் பெரும்பங்கு மலைக்குப் போனது.

அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அங்கே பேசியது படகுக் குழாமைப் பற்றியல்ல. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். ஜாகிர்தார்கள் கையிலிருந்து 1976இல்தான் அரசாங்கத்திடம் வந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து ஒரு தலைமுறை வளர்ந்து கல்யாணம் முடிக்கும்வரை அங்கிருந்த மலையாளிப் பழங்குடியினருக்கு அரசாங்கம் என்றால் ஜாகிர்தார்தான். உள்ளே தள்ளியிருக்கும் குக்கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்துதான் வண்டி பிடிக்க வேண்டும் என்ற நிலைமையை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அந்தக் குக்கிராமங்களுக்கெல்லாம் ‘கேரவன் பாதை’ என்று பெயர் வைத்து ரோடு போட்டுவிடுங்கள். பிரசவ வலிக்கு ஒதுக்க முடியாத நிதி சுற்றுலாவுக்கு ஒதுங்கும் என்று நம்புகிறேன். நான் வராத நாட்களில் ஆம்புலன்ஸ் அதில் போய் வரட்டும். 2004 அறிவிக்கையிலும் நாங்கள் ஒரே பட்டியல்தானே, எனக்கு ஆட்சேபணை இல்லை.

கொள்கையை நிறைவேற்ற நிபுணர் குழு ஒன்றை அமைப்பீர்கள். ஆலோசனை நிறுவனம் ஒன்று பவர்பாயின்ட் போட்டு, சுவிட்சர்லாந்துப் படத்தைக் காட்டும். அதற்கு முன்னால், எங்கள் ரோட்டில் ஏற்கெனவே வண்டியோடு வாழ்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் போர்வெல் போட வட மாநிலங்கள் வரை போகிறார்கள். மாதக்கணக்கில் லாரியிலேயே சமையல், லாரியிலேயே தூக்கம். அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு கொண்டுவரும் டிராக்டர்காரர்கள் முறை வரும்வரை டிரெய்லருக்கு அடியில் படுத்திருப்பார்கள். கரும்பு வெட்ட வருகிறவர்கள் குழந்தை குட்டியோடு குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தப் பெண்கள் இருட்டுவதற்காகவே காத்திருப்பது எதற்கென்று தங்கள் துறைக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

குழுத் தலைவராக ஒரு வாத்துக்காரரைப் போடுங்கள். அறுப்பு முடிந்த வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போகிறவர். ஒரு தார்ப்பாய், நாலு கழி, ஓர் அலுமினியச் சட்டி, காவலுக்கு ஒரு நாய். எந்த ஏரியில் தண்ணீர் நிற்கும், எந்த ஊரில் தங்க விடுவார்கள், எந்த ஊரில் கல்லெறிவார்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஸ்டைன்பெக் ஒருமுறை செய்ததை இவர் வருஷா வருஷம் செய்கிறார். இவர் செய்தால் பிழைப்பு, ராத்தங்கலுக்கு இடம் கொடுக்க யோசிப்பார்கள். அதற்கே ஏசி மாட்டி ஓர் இரவுக்கு வாடகை போட்டால் சுற்றுலா, மானியம் கிடைக்கும்.

இவர்களில் ஒருவரும் கேரவன் பூங்கா கேட்கவில்லை. பூட்டாத கழிப்பறை, தண்ணீர் வருகிற குழாய், நிறுத்திவிட்டுத் தூங்கினால் டீசல் திருடு போகாதபடி ஒரு விளக்குக் கம்பம். சாலையோரம் எனக்கும் வேண்டியது இவ்வளவுதான். புல்வெளியும் செயற்கை நீரூற்றும் ‘ஐ லவ் கல்வராயன்’ என்ற எழுத்துப் பலகையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதை முதலில் வைத்துவிடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றை இணைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன், யார் என்று மணியின் தாய்க்கே நிச்சயமில்லை. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கொள்கையை நம்பி வேன் வாங்கியவன்.

நகல்: போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, வனத் துறை, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, கால்நடை பராமரிப்புத் துறை. ‘இது எங்கள் துறையைச் சார்ந்ததல்ல’ என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பிவைக்க வசதியாக, தபால்தலை ஒட்டிய உறைகளும் இணைக்கப்பட்டுள்ளன.