பால்மா அட்டை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டால் சட்டப் புத்தகமே படித்துவிடலாம். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் நகர்ந்து முடிவதற்குள் நான் புரட்டியது 1949-ஆம் வருஷத்து நான்காம் ஜெனீவா உடன்படிக்கை. கர்ப்பிணிகளுக்கும் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கும் போரின்போது பாதுகாப்பு வலயம் அமைக்கலாமாம். அந்த ‘லாம்’ இருக்கிறதே, அந்தச் சந்தில்தான் அத்தனை ஷெல்லும் நுழைந்தது. பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டதா? அம்மா ஓடப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இதே ஊரில் மராட்டியர் காலத்து யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சைச் சத்திரங்களில், வழியில் வலி கண்டவளுக்குப் பிரசவம் பார்த்து மூன்று மாதம் வைத்துக் காப்பாற்றியதாக 1801-இல் மன்னர் சரபோஜி எழுதியிருக்கிறார். பிரிவு எண், உட்பிரிவு எதுவும் கிடையாது.

2009-இல், விடுதலைப் புலிகளுடனான கடைசிப் போரில், வன்னியில் இலங்கை அரசு மூன்று முறை பாதுகாப்பு வலயம் அறிவித்தது. சனத்தை அங்கே போகச் சொன்னது. போன பிறகு அங்கேயே அடித்தது. தேடி அலையும் செலவு மிச்சம். உள்ளே 70,000 பேர்தான் என்று சாதித்து, சாப்பாட்டையும் அந்தக் கணக்கில் சுருக்கியது. கடைசியில் முள்வேலி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களே மூன்று லட்சத்தை ஒட்டி. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு ஒரு கிலோ கூடப் பிடித்தாலே மறியலில் உட்காருகிறவர்கள் நாம். அங்கே இரண்டு லட்சம் வயிறு தராசிலேயே ஏறவில்லை.

புலிகளும் தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். அதை முழுங்கிவிட்டு எழுதினால் நானும் 70,000 என்று சொன்ன ஆள்தான்.

ஏப்ரல் 8, அம்பலவன்பொக்கணை. பால்மா, அதாவது பால் பவுடர், வாங்க வரிசையில் நின்ற தாய்மார் மேலும் குழந்தைகள் மேலும் ஷெல் விழுந்தது. செத்துக் கிடந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை இறுகியபடியே இருந்ததாக ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. அட்டையில் ஒரு குறையும் இருந்திருக்காது.

ஏப்ரல் 27-இல் நம் டெல்டாவில் பிறந்த அன்றைய முதல்வர் கருணாநிதி மெரினாவில் காலையில் உண்ணாவிரதம் தொடங்கி, போர் நின்றுவிட்டதென்று மதியத்துக்குள் முடித்தார். இன்னும் குண்டு விழுகிறதே என்று கேட்டதற்கு, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். மே 12 அன்று அந்தத் தூவானம் முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரி மேல் விழுந்தது. மறுநாள் இங்கே நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். நம் வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே 27-இல், அந்த உடன்படிக்கை பிறந்த ஜெனீவாவிலேயே, ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கையை மெச்சித் தீர்மானம் போட்டது. ஆதரவு 29 ஓட்டு. அதில் ஒன்று இந்தியாவுடையது.