கரிந்த காயில் மீட்சி: பரபக்கமும் சுபக்கமும்

மேல்நாட்டுச் சமையலறைகளில் வளர்ந்து இன்னும் உரை காணாத சாத்திரம் ஒன்று உண்டு. கரிந்து அடைத்துத் தீய்ந்த நெடி வீசும் மின்சிகரெட் காயிலை, கெட்டிலில் படியும் சுண்ணாம்பை எடுக்கும் பொடியில் ஊறவைத்து உயிர்ப்பிப்பது எப்படி என்பது அதன் பொருள். களம் இங்கிலாந்து, அதிலும் லண்டனும் அதைச் சுற்றிய தென்கிழக்குச் சீமையும். நம் ஊரில் இதற்குக் களம் அமையாது. 2019-இல் வந்த சட்டப்படி இந்தியாவில் மின்சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை சிக்குகிறவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இது முழுக்க வெளியூர்ச் சரக்கு என்று கொள்க.

முதலில் வஸ்து நிர்ணயம். காயில் என்பது நிக்ரோம் அல்லது காந்தல் எனும் கலப்புலோகக் கம்பியில் சுற்றிய சின்னஞ்சிறு சுருள். அதை ஒட்டி ஒரு திரி. திரி உறிஞ்சும் திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். சிறுபகுதி நிக்கோட்டினும் வாசனைச் சரக்கும். பேட்டரி கம்பியைச் சூடாக்க, திரவம் ஆவியாகி வாய்க்குள் போகிறது. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். அந்தச் சூட்டிலும் ஆவியாக மாட்டேன் என்று அடம்பிடிப்பவை கம்பியிலேயே தங்கிக் கருகும். நாம் ஆராயும் மலம் அதுவே. (சைவர்கள் சொல்லும் பொருளில் படிக்கவும்.)

குரு பரம்பரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையிலை இல்லாத சிகரெட்டுக்கு 1963-இல் காப்புரிமை கேட்டு 1965-இல் பெற்றார். செய்து விற்க முன்வரும் ஆலைதான் கிடைக்கவில்லை. 2003-இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் விண்ணப்பித்த கருவி, திரவத்தை நுண்துளிகளாக்க மீயொலி அதிர்வை நம்பியிருந்தது. பின்னால் அதிர்வு போய்ச் சூட்டுக் கம்பி வந்தது. கம்பி வந்ததும் கரி வந்தது. கரி வந்ததும் சாத்திரம் வந்தது.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் இச்சாத்திரத்தின் சங்க காலம். அன்று அட்டமைசர் என்று வழங்கிய உறுப்பில், பீங்கான் கிண்ணத்துக்குள் நிக்ரோம் சுருளும் அதன்மேல் பாலம் போல வளைந்த உலோக வலையும் இருக்கும். சீனாவிலிருந்து தபாலில் வர வேண்டும். வந்தால் சில வாரங்கள் தாங்கும். அடுத்த பார்சல் வரும்வரை சும்மா இருக்க முடியாதவர்கள் கிச்சன் அலமாரியைத் திறந்தார்கள். அங்கிருந்துதான் மதங்கள் பிரிந்தன.

சித்தாந்த நூல் மரபைப் பின்பற்றிப் பரபக்கத்தை, அதாவது பிறர் மதங்களின் மறுப்பை, முதலில் எடுப்போம். வினிகர் மதத்தார் ஓர் இரவு முழுக்க வெள்ளை வினிகரில் ஊறவைப்பர். அதில் இருக்கும் அசெட்டிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம். காயிலின் திருகுமரையில் நிக்கல் முலாம் தேய்ந்து உள்ளேயுள்ள பித்தளை வெளிப்பட்டிருந்தால், காலையில் வினிகர் லேசான பச்சை நிறம் காட்டும். அழுக்கு இறங்கிவிட்டது என்று அவர்கள் மகிழ்வது அதைக் கண்டுதான். இறங்கியது செம்பு.

கோலா மதத்தார் பாஸ்பாரிக் அமிலத்தின் பெருமையைப் பேசுவர். அந்தப் பானத்தில் அமிலத்தைவிடச் சர்க்கரை எத்தனையோ மடங்கு அதிகம். இனிப்பு கருகி வந்த நோய்க்கு இனிப்புத் தண்ணீரில் வைத்தியம் பார்ப்பவரோடு வாதம் புரிவது ஆய்வாளனுக்கு அழகன்று. பல்செட் கழுவும் மாத்திரை மதத்தார் நுரையை நம்புவோர். சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து எழுப்பும் கரியமில வாயு அது. குமிழி, தளர்ந்த அழுக்கைக் கொஞ்சம் அசைக்கும், அவ்வளவே. வோட்கா மதத்தாரின் செய்முறையில் ஊறவைத்தது போக மீந்த புட்டி பற்றிய குறிப்பு எங்கும் இல்லாததால் அவர்கள் முடிவுகளை ஏற்பதற்கில்லை.

இனி கெட்டில் மதம். இதை மற்றவற்றைப் போலத் தள்ளிவிட முடியாது. இதற்கு நிலவியல் துணை உண்டு. லண்டனுக்குத் தண்ணீர் தருவது தேம்ஸ், லீ ஆறுகளும் நிலத்தடிச் சுண்ணப்பாறையும். அந்த ஊரில் பிறந்த கெட்டில் ஒவ்வொன்றும் சில வாரங்களில் அடியில் வெள்ளைப் பொருக்கோடு நிற்கும். தேநீரின் மேல் ஆடை மிதக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிவதே காரணம். எனவே வீட்டுக்கு வீடு அதை எடுக்கும் பொடி இருக்கும். சிட்ரிக் அமிலம், அதாவது நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது, அல்லது லாக்டிக், ஃபார்மிக், சல்ஃபாமிக் அமிலம். கொட்டினால் பொங்கும், வெள்ளை மறையும், எஃகு பளபளக்கும். கண்ணால் கண்ட வெற்றி.

இதற்கு நேர்மாறு கிளாஸ்கோ. அங்கே 1859 முதல் கேட்ரின் ஏரித் தண்ணீர். அது மென்னீர், கெட்டிலில் பொருக்குக் கட்டாது. அலமாரியில் பொடி இல்லாத ஊரில் கெட்டில் மதம் முளைத்திருக்க வழியில்லை என்பது எம் துணிபு. மதங்கள் தண்ணீரிலிருந்து பிறக்கின்றன என்று இதை வைத்தே ஒரு முனைவர் பட்டம் வாங்கலாம்.

கெட்டில் மதத்தாரின் வாதம் கருதல் அளவையில் நிற்கிறது. கெட்டிலிலும் சூடேறும் உலோகம் உண்டு, காயிலிலும் உண்டு. அதிலும் பொருக்கு, இதிலும் பொருக்கு. அதற்கு அமிலம் பலித்தது. ஆகவே இதற்கும் பலிக்கும். மலையில் புகை கண்டால் அங்கே நெருப்பு உண்டு என்று கருதுவது அளவை நூலின் பால பாடம். மின்சிகரெட்டோ நெருப்பே இல்லாமல் புகைபோல ஒன்றை ஊதி, அந்தப் பால பாடத்தையே கவிழ்த்த கருவி. அப்படிப்பட்ட கருவியிடம் போய் அனுமானம் செய்யலாமா?

இனிச் சுபக்கம், அதாவது நம் தரப்பு. காயிலில் படிவது சுண்ணாம்பன்று. அங்கே தண்ணீரே அரிது, சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? படிவது கருகிய இனிப்பும் வாசனைச் சரக்கின் எச்சமும். மாம்பழம், கஸ்டர்டு, பஞ்சுமிட்டாய் என்று பெயர் சூடிய திரவங்கள் பலவற்றில் சுக்ரலோஸ் சேர்ப்பார்கள். சர்க்கரையைப் போல 600 மடங்கு இனிக்கும் இச்சரக்கு 1976-இல் லண்டனிலேயே, குயின் எலிசபெத் கல்லூரியில், லெஸ்லி ஹஃப், சசிகாந்த் பட்னிஸ் இருவர் கையிலும் பிறந்தது. பொடியைப் பரிசோதிக்கச் சொன்னதைச் சுவைக்கச் சொன்னதாகக் கேட்டு பட்னிஸ் நாக்கில் வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அவர் சுடவைக்கவில்லை, வாயில் போட்டதோடு நிறுத்திக்கொண்டார். சூட்டில் சுக்ரலோஸ் சிதைந்து கறுத்துக் கோந்தாகிக் கடைசியில் வெறும் கரியாகும். அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், கரியைத் தின்னாது. லண்டன் மண்ணின் அழுக்குக்கு ஏற்பட்ட மருந்தை, லண்டன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அழுக்கின்மேல் கொட்டுகிறார்கள். இரண்டும் ஒரே ஊர் என்பதைத் தவிர உறவு ஒன்றும் இல்லை.

அற்றேல், ஊறவைத்துப் பிழைத்த காயில்கள் உண்டே எனின், உண்டு. பொடியைச் சூடான தண்ணீரில் கரைக்கச் சொல்லி உறையில் போட்டிருக்கும். முழுதும் கருகாத இனிப்பும் கிளிசரினும் சுடுதண்ணீரிலேயே கரைந்துவிடும். நோயைத் தீர்த்தது சூரணமன்று, அனுபானம்.

இதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு. அமிலத்திலிருந்து எடுத்த காயிலை எல்லாரும் குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்கள். அலசியதை ஈரத்தோடு மாட்டிப் பேட்டரியை அமுக்கினால் தண்ணீர் ஆவியாகும். அதிலிருந்த சுண்ணாம்பு கம்பியில் ஒரு மெல்லிய பூச்சாக நிற்கும். அதுவரை சுண்ணாம்பையே அறியாத காயிலுக்கு முதன்முதலாகச் சுண்ணாம்பு தடவுவது சுண்ணாம்பு எடுக்கும் வைத்தியம். இதற்குப் பிறகுதான் அந்தப் பொடிக்கு உண்மையில் வேலை வருகிறது என்பதையும், வேலை முடிந்ததும் மறுபடி அலச வேண்டும் என்பதையும் கெட்டில் மதத்தார் கவனிக்க. இந்தச் சுழலிலிருந்து விடுபட வேண்டுமானால் அயர்ன் பாக்ஸுக்கு ஊற்றும் வாலைவடிநீர்தான் கதி.

கடைசியாக, கரியை எரித்தே போக்கும் அக்கினி மதத்தார். இவர்கள் நம் சித்தாந்தத்துக்கு மிக நெருங்கியவர்கள். திரியை உருவிவிட்டு வெறும் கம்பியைக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு ஒளிரச் செய்தால் கரி சாம்பலாகும். பிறகு தூரிகையால் தட்டிக் கழுவலாம். நிக்ரோமிலும் காந்தலிலும் சூடுபட்டதும் மெல்லிய ஆக்சைடு போர்வை உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கும். திரியைத் தானே மாற்றிக்கொள்ளும் வகைக் கருவிக்கு இது சரி. ஆலையிலேயே பஞ்சை அடைத்து மூடிய காயிலுக்குச் சரியில்லை: அமிலத்தில் போட்டால் பஞ்சு அமிலத்தை விடாது, தீயில் வைத்தால் பஞ்சே நெருப்பு. தீய்ந்த பஞ்சைப் பஞ்சாக்கும் பொடி இன்னும் விற்பனைக்கு வரவில்லை. காய்ந்த திரியில் தொடர்ந்து இழுத்தால் கிளிசரின் சிதைந்து அக்ரோலின் வரும். எண்ணெய் சட்டியில் தீயும்போது மூக்கையும் கண்ணையும் எரிக்கிறதே, அதே சரக்கு, நுரையீரலுக்கு ஆகாது. திரவத்தில் நிக்கோட்டின் இருப்பதால் கையுறை போடுவது நல்லது. இன்னொன்று: அமிலம் இருக்கும் பாத்திரத்தில் பிளீச்சிங் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அங்கே ஆய்வும் ஆய்வாளனும் ஒருசேர முடிவர்.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைக் கருவிகளை விற்கத் தடை வந்துவிட்டது. தூக்கி எறிந்து பழகிய தலைமுறை மறுபடி நிரப்பும் கருவிக்கும் மாற்றும் காயிலுக்கும் வந்து சேர்கிறது. சாத்திரத்துக்குப் புது மாணாக்கர் கிடைப்பர்; வினிகர் விற்பனையாளர் மகிழலாம்.

புதுக் காயில் ஓரிரு பவுண்டுதானே, அதற்கு இத்தனை ஊறலும் எரிப்பும் எதற்கு என்று இடையில் ஒருவர் கேட்பார். எல்லா மதத்தாரும் ஒருமுகமாகத் தரும் விடை ஒன்றே: அக்கேள்வி கேட்பவர் இந்நூலைக் கற்க அதிகாரி அல்லர்.