பூதம் வாங்கலியோ, பூதம்!

● காட்ஸில்லா குமரிக் கடலில் எழுந்து நின்றால் வள்ளுவர் சிலையைவிட உயரமா?
(கோவளம் வாசகர்)

சந்தேகமே வேண்டாம். பீடத்தோடு சேர்த்து வள்ளுவர் 133 அடி. 1954-ல் வந்த முதல் ஜப்பான் படத்தில் காட்ஸில்லா 50 மீட்டர். நம் கணக்கில் 164 அடி. அய்யன் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும்!

● அது காமிக்ஸில் வந்ததுண்டா?
(நாகர்கோவில் வாசகர்)

மார்வெல் நிறுவனம் 1977 முதல் 1979 வரை 24 இதழ்கள் போட்டது. எழுத்து டக் மென்ச், ஓவியம் ஹெர்ப் டிரிம்ப். அலாஸ்காவில் கிளம்பி நியூயார்க் வரை நடக்கும் கதை. நடுவில் ஒரு வாயுவை அடித்து அதைக் குட்டியாகச் சுருக்கிவிடுவார்கள். நகரங்களை மிதித்த பிராணி சாக்கடைக்குள் ஓர் எலியோடு கட்டிப் புரளும். உருவம் போனாலும் வீராப்பு போகாது. எனக்கு அந்தத் தொடரிலேயே பிடித்த இடம் அதுதான்.

● தனித்தனி இதழாகப் படித்தால் ஆகாதா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய குண்டு புக் எதற்கு?
(தக்கலை வாசகர்)

எலிச் சண்டை இதழ் மட்டும் கிடைத்தால், அது எப்படிச் சுருங்கியது, பிறகு எப்படி வளர்ந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இன்னொன்று: காட்ஸில்லா ஜப்பானின் டோஹோ நிறுவனத்தின் சொத்து. அவர்கள் சம்மதம் இல்லாமல் மறுபதிப்பு கிடையாது. 24 இதழ்களும் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வரவே 2006 ஆனது, வண்ணத்தில் 2024. கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள்.

● தமிழில் அப்படிக் குண்டு புக் உண்டா?
(மார்த்தாண்டம் வாசகர்)

சிவகாசிக்காரர்கள் இருக்கும்போது என்ன கவலை? 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். 2010-ல் லயன் 'இரத்தப் படலம்' கதையின் 18 பாகங்களை ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடுத்தது. கதையில் பூதம் இல்லை; புத்தகமே பூதம்!

● நம் நாட்டு ராட்சதர்களில் யாருக்கு உங்கள் ஓட்டு?
(சுசீந்திரம் வாசகர்)

கடோத்கசனுக்கு. சாகிற நேரத்தில் உடம்பைப் பெருக்கி, கௌரவர் சேனைமேல் விழுந்து, ஓர் அக்குரோணியை நசுக்கியவன். அமர் சித்ர கதாவின் மகாபாரதம் 42 இதழ்களாக வந்து, பின்பு 3 தொகுதிகளானது. பிள்ளைகளுக்குத் தொகுதியாகவே கொடுங்கள். அவன் பிறப்பைப் படித்தவனுக்குத்தான் அவன் சாவு வலிக்கும்.

● குமரி மாவட்டத்துக்கென்று ஒரு பூதம் உண்டா?
(குலசேகரம் வாசகர்)

பக்கத்திலிருக்கும் திருவட்டாறை மறக்கலாமா? கேசி என்ற அசுரன்மேல்தான் ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார் என்கிறது தலபுராணம். அவனுக்காக வெள்ளமாக வந்த இரண்டு ஆறுகள்தான் ஊரைச் சுற்றும் கோதையாறும் பரளியாறும். அவனுடைய 12 கைகள் இருந்த இடங்களில் 12 சிவாலயங்கள் எழுந்தனவாம். மகாசிவராத்திரிக்குத் திருமலையிலிருந்து திருநட்டாலம்வரை ஓடுகிறவர்கள் அந்தப் பன்னிரண்டையும் தொட்டு வருகிறார்கள். ஓர் அசுரனின் கைவீச்சுக்குள் கல்குளமும் விளவங்கோடும் அடக்கம்!

● அதை யாராவது காமிக்ஸாக வரைந்தால் விலை போகுமா?
(குழித்துறை வாசகர்)

போகும். கைக்கு ஓர் இதழ் என்று 12 இதழ். முடிந்ததும் ஒரே குண்டு புக். மாவட்டத்து ஓவியர்களே, தூரிகையை எடுங்கள். முன்பதிவில் முதல் பெயர் என்னுடையது. அடுத்த பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், வாசகரே.