டெங்கில்காரருக்கு இரண்டு ஓட்டு

1955-இல் மலாயாவுக்கு முதல் பொதுத்தேர்தல். மொத்தமே 52 தொகுதி, சிலாங்கூருக்கு ஏழு. கூட்டணி 51-ஐ அள்ளியது. பாஸ் கட்சிக்கு மிஞ்சியது பேராக்கின் கிரியான் ஒன்றுதான். 1959-இல் யாரும் மூளையைக் கசக்கவில்லை. ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாகப் பிளந்து 104 ஆக்கினார்கள். சிலாங்கூருக்குக் கிடைத்த 14-ஐ மறுபடி பிளந்தால் சட்டமன்றத்துக்கு 28. இரண்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் தொகுதி வரையலாம்!

அப்புறம் 1960-இல் தேர்தல் ஆணையம் ஒரு அசட்டு வேலை செய்தது: அரசியலமைப்பில் எழுதியிருந்தபடியே 100 தொகுதிக்குக் கோடு போட்டுக் கொடுத்தது. ஆட்சியாளர்கள் பதறி, 1962-இல் அரசியலமைப்பையே திருத்தினார்கள். தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியை விட்டு 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்ற பழைய விதி போயிற்று. கிராமத் தொகுதியில் நகரத்தில் பாதிப் பேர் இருந்தாலே போதும் என்றானது. 1973-இல் அந்தப் பாதிக் கணக்கும் பறந்தது.

இடையில் 1969. சிலாங்கூர் சட்டமன்றத்தில் கூட்டணி 14, மற்றவர்கள் 14. அடுத்து வந்த மே 13 இனக்கலவரத்தை வைத்துச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை, தாண்டிவிடுகிறேன்.

1974 பிப்ரவரி 1. சிலாங்கூர் சுல்தான் சலாஹுடின் கோலாலம்பூரை மத்திய அரசுக்கு எழுதிக் கொடுத்தார், அழுதுகொண்டே. பிரிவின் நினைவாகப் பின்னாளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு பெரிய வளைவும் எழுந்தது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு வளைவு இல்லை. சட்டமன்ற உறுப்பினரே இல்லாமல் போனார். சிலாங்கூருக்கோ தலை போனதும் உடம்பு பெருத்தது: 28 இருந்த இடத்தில் 33, பிறகு 42, 48, இன்று 56. அதில் டெங்கிலுக்கு 55-ஆவது எண். அதற்கு முந்தைய எண் தஞ்சோங் செப்பாட். அது இருப்பது கோல லங்காட் மாவட்டத்தில், எம்.பி.யைத் தேட வேண்டியது டெங்கிலைப் போலவே சிப்பாங் நாடாளுமன்றத் தொகுதியில்.

டெங்கிலுக்குப் பக்கத்திலேயே பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆங்கிலேயர்கள் திறந்தது, பால் மரம் வெட்டியது நம்மவர்கள். தொண்ணூறுகளில் அங்கே புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார், கேலோவே, செட்ஜிலி, மெடிங்லி தோட்டத்து மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெட்டி கட்டினார்கள். சுவர்கள் விரிசல் விட்டன.

2001-இல் புத்ராஜெயாவும் கூட்டரசுப் பிரதேசமானது. ஆகவே குடியேறிய அதிகாரிக்கு நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஒரு ஓட்டு, கிளப்பிவிடப்பட்ட தோட்டக்காரருக்கு டெங்கிலில் சட்டமன்றத்தோடு சேர்த்து இரண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004-இல் வெறும் 5,079 வாக்காளருக்காகப் புத்ராஜெயாவுக்கு ஒரு முழு எம்.பி.! 2013-இல் கிள்ளான் பக்கத்துக் காப்பாரில் 1,44,159 வாக்காளர், புத்ராஜெயாவில் 15,800-க்கும் குறைவு. காப்பாரில் ஒன்பது பேர் வரிசையில் நின்றால் புத்ராஜெயாவின் ஒரு குமாஸ்தாவுக்குச் சமம்.

2018 மார்ச் 28-இல் புதிய வரைபடம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, ஏப்ரல் 7-இல் நாடாளுமன்றமே கலைந்தது. மை காயவில்லை. சுபாங் சுங்கை பூலோ ஆனது, கிளானா ஜெயா சுபாங் ஆனது. டெங்கிலுக்கு அடுத்த வீடான செர்டாங் தொகுதி பாங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2022-இல் பாங்கியில் 3,03,430 வாக்காளர், புத்ராஜெயாவில் 42,881. தீபாவளிக்கு ஆளுக்கொரு முறுக்கு என்று கிளம்பினால் புத்ராஜெயா எம்.பி. ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். பாங்கி எம்.பி. ஏழு வாரம் கழித்தும் மாவு பிசைந்துகொண்டிருப்பார்.