ராசாவே சொல்லிட்டாரு, உனக்கென்ன மாப்ள?

என்ன மாப்ள, ராத்திரிக்கு நாலு தரம் லயத்துக்குப் பின்னால டார்ச்சு வெளிச்சம் போகுதே, ஏலக்காய்க்குக் காவலா? சக்கக்கொம்பன் யானை நிக்கிற நேரத்துல ஓடைப் பக்கம் ஒதுங்கத் தைரியம் இருக்கு. டாக்டர்கிட்டப் போய் "ஒன்னுக்குச் சரியாப் போகல"ன்னு சொல்லத்தான் தைரியம் இல்ல. கேட்டா பனிங்கிற. சாந்தன்பாறையில என்னைக்குய்யா பனி இல்லாம இருந்துச்சு?

2024 ஜனவரியில இங்கிலாந்து ராசா சார்லசு, தனக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்குன்னு அரமனையில இருந்தே அறிவிக்கச் சொன்னாரு. மத்த ஆம்பளைகளும் போய்க் காட்டட்டும்னுதான். அவருக்கு இல்லாத மானம் உனக்கு எங்கருந்து வந்துச்சு?

பயந்துறாத. உன் வயசுல அடிக்கடி எந்திரிக்கிறது பெரும்பாலும் வெறும் வீக்கந்தான். வில்லங்கம் என்னன்னா, புத்துநோய் ஆரம்பத்துல மூச்சே விடாது. பைடன் அமெரிக்காவுக்கே ஜனாதிபதியா இருந்த மனுசன். 2025 மே மாசம் அவருக்குத் தெரிய வந்தப்ப எலும்பு வரைக்கும் பரவியிருந்துச்சு.

"அதான் ஏஐ வந்துருச்சே, அது பாத்துக்கும்"னு டீக்கடையில அளந்தியாம். நல்லாக் கேளு. போடி குடோன்ல காய் பிரிக்கிற பொம்பளைக்கு எட்டு மில்லிக் காய் எது, சொத்தை எதுன்னு யாரு பாடம் எடுத்தா? மூட்டை மூட்டையாப் பாத்துப் பழகின கண்ணு. அந்த மிஷினும் அப்படித்தான். நெதர்லாந்துக்காரங்க முன்னால நின்னு, ஆயிரக்கணக்கான எம்ஆர்ஐ படத்தைக் காட்டிப் பழக்குனாங்க. அப்புறம் 20 நாட்டு ஸ்கேன் டாக்டருங்க 62 பேரோட மோதவிட்டாங்க. 2024-ல லான்செட் ஆன்காலஜிங்கிற மருத்துவப் பத்திரிகையில முடிவு வந்துச்சு: டாக்டருங்க பிடிச்ச அளவுக்கு அதுவும் நோயைப் பிடிச்சுச்சு, ஆனா இல்லாததை இருக்குன்னு சொன்னது பாதிதான். அப்படிக் குறைஞ்சா, வீணா ஊசி குத்திச் சதை எடுக்குற வேதனை எத்தனை பேருக்கு மிச்சம்!

ஆனா அது படத்தைத்தான் பாக்கும் மாப்ள. ஏலக்காட்டுக்குள்ள உன்னைத் தேடி வந்து வேட்டியத் தூக்கிப் பாக்காது. படம் வேணும்னா நீ போய்ப் படுக்கணும். அதுக்கும் முன்னால ரத்தத்துல பிஎஸ்ஏ பாக்கணும். அந்த நம்பர் ஏறினதுமே புத்துன்னு ஒப்பாரி வைக்காத. வீக்கத்துக்கும் ஏறும், கிருமிக்கும் ஏறும். எதுக்கு ஏறுச்சுன்னு டாக்டர் சொல்லட்டும், உன் டீக்கடைக் கூட்டாளி வேணாம்.

ஏலம் பாக்க போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு இறங்குறவன்தானே நீ? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா க.விலக்குல தேனி மெடிக்கல் காலேசு. அம்பதைத் தாண்டியாச்சு, இந்த பிஎஸ்ஏ சோதனை வேணுமான்னு டாக்டர்கிட்டக் கேளு. உன் தம்பிகிட்டயும் சொல்லு. அப்பனுக்கோ அண்ணனுக்கோ இந்தப் புத்து இருந்த குடும்பம்னா அம்பதுக்கு முன்னாலயே கேக்கணும். வெறும் வயித்தோட போக வேண்டியதில்ல, காப்பியக் குடிச்சுட்டே போ. சோதனைக்கு ரெண்டு நாள் முன்னாலருந்து கட்டில் சமாச்சாரம் கூடாதும்பாங்க. உனக்கு அதுல ஒரு சிரமமும் இருக்காது.